நிறுத்தத் தெரிஞ்ச பாசிதான் பொழைக்குது

பினாங்குல ஜெலுத்தோங் பக்கம் எங்க பெரியப்பா வீட்டுப் பின்சந்துல ஒரு பழைய சுவர் இருக்கு. மழை பேஞ்சு காஞ்ச மறுநாள் போய்ப் பாத்தா ஆரஞ்சுக் கலர்ல வெல்வெட்டுத் துணிய ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும். பெரியப்பா ரொம்ப வருஷமா அது துருன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு, "உள்ள இருக்கற கம்பி துருப்புடிச்சு வெளிய கசியுதுடா, ஒரு நாளைக்கு இடிச்சுத்தான் கட்டணும்"னு. நான் ஒரு தடவ நகத்தால சுரண்டி வெள்ளப் பேப்பர்ல தேச்சுப் பாத்தேன். துருவா இருந்தா மணல் மாதிரி நெருநெருன்னு இருக்கணும், இது மெத்துன்னு வந்துச்சு, பேப்பர்ல மஞ்சளா எண்ணெய்க் கறை மாதிரி பிடிச்சுக்கிச்சு. போன்ல மாட்டற மேக்ரோ லென்ஸ் வெச்சுப் பாத்தா குட்டிக் குட்டி நூலா, ஒன்னு மேல ஒன்னு பின்னிக்கிட்டு கெடக்கு.

அதுக்குப் பேரு ட்ரென்டிபோலியா. கலரு ஆரஞ்சா இருந்தாலும் அது பச்சைப்பாசிக் கூட்டத்தச் சேந்ததுதான். உள்ள பச்சையம் இருக்கு, ஆனா கேரட்டுக்குக் கலர் குடுக்குதே பீட்டா கரோட்டின், அது செல்லுக்குள்ள எண்ணெய்த் துளியில கரஞ்சு அவ்ளோ நெறஞ்சு கெடக்கறதால பச்சை வெளிய தெரியறதில்ல. தண்ணீர்மலைக் கோயில் ரோட்டுல பொட்டானிக்கல் கார்டன் பக்கம் நடக்கறவங்க மரத்தண்டு மேலயும் மதில் மேலயும் இந்த ஆரஞ்சப் பாத்திருப்பீங்க. 2001ல கேரளாவுல செவப்பு மழை பேஞ்சுதுன்னு ஊரே பயந்துச்சே, அந்தத் தண்ணிய எடுத்து ஆராய்ச்சி பண்ணப்ப அதுல இருந்ததும் இந்த ட்ரென்டிபோலியாவோட வித்துதான்.

நிழல்ல வளந்தா இதே பாசி பச்சையா இருக்கும், வெயில் அடிச்சாத்தான் ஆரஞ்சாகும். காலும் கையும் இல்லாத ஒரு உயிரு, சுட்டெரிக்கற சுவத்துல மாட்டிக்கிச்சு, நிழலுக்கு ஓட முடியாது, குடை பிடிக்க முடியாது, அதனால தன் ஒடம்புக்குள்ளயே ஒரு திரை போட்டுக்குது. அந்தத் திரையப் போடு, இப்பப் போடாதன்னு முடிவு பண்றது ஜீன். பாசி கஷ்டத்தோட "போராடுது"ன்னு எல்லாரும் எழுதறாங்க, எனக்கு அந்த வார்த்தை ஒத்துவரல. நான் படிச்ச வரைக்கும் பாசி முதல்ல செய்யற வேலை நிறுத்தறது. எத நிறுத்தணும், எப்ப நிறுத்தணும், திரும்ப எப்ப ஆரம்பிக்கணும்னு பாத்துக்கறதுக்குன்னே ஜீன் வெச்சிருக்கு, அந்த ஜீன் கெட்டுப்போன பாசி பட்டினிலகூட சாகறதில்ல, நிறுத்தத் தெரியாமத்தான் சாகுது. இத எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றேன்.

இந்த விஷயத்துல நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பங்கு ஒரே ஒரு பாசிகிட்ட இருந்து வந்தது, கிளாமிடோமோனாஸ். ஒரே செல், ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு நீளம், முன்னாடி ரெண்டு வாலு, அத ஆட்டி நீந்தும், உள்ள கிண்ணம் மாதிரி ஒரே ஒரு குளோரோபிளாஸ்ட் (பச்சையம் இருக்கற, ஒளிச்சேர்க்கை நடக்கற பகுதி), வெளிச்சம் எந்தப் பக்கம்னு பாக்க ஒரு செவப்புக் கண்புள்ளி. லேபுல இன்னிக்கு உலகம் பூரா வளக்கற வகையில நெறையது 1945ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணுல இருந்து எடுத்ததோட வாரிசுங்க. 2007ல சபீஹா மெர்ச்சன்ட் தலைமையில பெரிய கூட்டமே சேந்து அதோட மொத்த ஜீனோமையும் வெளியிட்டாங்க, 17 குரோமோசோம், 15,000த்துக்கு மேல ஜீன். இதுல ஒரு வசதி என்னன்னா சாதாரணமா வளரும்போது ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரே ஒரு காப்பிதான் இருக்கும், நம்மள மாதிரி அப்பாகிட்ட ஒன்னு அம்மாகிட்ட ஒன்னுன்னு ரெண்டு கெடையாது, அதனால ஒரு ஜீனக் கெடுத்தா உடனே விளைவு தெரிஞ்சிரும்.

ஜீன் எப்படி "ஆன்" ஆகுதுன்னு தெரியாதவங்களுக்கு, மாமாக் கடைய நெனச்சுக்குங்க. சமையல்காரருக்கு நூறு அயிட்டம் செய்யத் தெரியும், ஆனா எல்லாத்தையும் எல்லா நேரமும் செய்ய மாட்டாரு, முன்னாடி ஆர்டர் எடுக்கறவரு துண்டுச்சீட்டு எழுதிக் குடுத்தாத்தான் அடுப்புல ஏறும். ஜீன்ங்கறது டி.என்.ஏங்கற புஸ்தகத்துல இருக்கற சமையல் குறிப்பு, அதுல இருந்து எடுக்கற காப்பி ஆர்.என்.ஏ, அதுதான் துண்டுச்சீட்டு, தட்டுல வர்றது புரோட்டீன். எந்தச் சீட்ட எழுதலாம்னு டி.என்.ஏ மேல போய் ஒக்காந்து முடிவு பண்ற சில புரோட்டீன் இருக்கு, அதுங்களத்தான் நான் இனிமே காவக்காரன்னு சொல்லப் போறேன்.

சூட்டுல இருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம். கிளாமிடோமோனாஸுக்கு 25 டிகிரி சுகமா இருக்கும், 40 டிகிரிக்குக் கொண்டு போனா உள்ள இருக்கற புரோட்டீன் எல்லாம் வடிவம் கொலைஞ்சு ஒன்னோட ஒன்னு ஒட்ட ஆரம்பிக்கும், முட்டை வேகறப்ப வெள்ளக்கரு கட்டியாகுதே அதேதான். இதச் சரி பண்ண வெப்ப அதிர்ச்சிப் புரோட்டீன்னு சில உதவிக்காரங்க இருக்காங்க, கொலைஞ்சதப் புடிச்சு மறுபடி மடிச்சு விடுவாங்க. இதுங்கள எழுப்பற காவக்காரன் எச்.எஸ்.எஃப்.1, இந்தப் பாசிக்கு இந்த வேலைக்கு இவன் ஒருத்தன்தான். சாதாரண நாள்ல உதவிப் புரோட்டீன்ங்களே இவன அமுக்கிப் புடிச்சு வெச்சிருக்கும். சூடு வந்தா அதுங்க எல்லாம் கொலைஞ்ச புரோட்டீனக் காப்பாத்தப் போயிரும், புடிக்க ஆளில்லாம இவன் வெளிய வந்து டி.என்.ஏ மேல ஒக்காந்துக்குவான், சில நிமிஷத்துல ஆர்.என்.ஏ கொட்ட ஆரம்பிக்கும். வேலை முடிஞ்சு உதவிக்காரங்க திரும்பி வந்தா இவன மறுபடி அமுக்கிருவாங்க. தனியா ஒரு தெர்மாமீட்டர் தேவைப்படல பாருங்க, சேதமே செய்தியாயிருது.

இதுக்கு நேர் எதிரா ஒரு சொந்தக்காரப் பாசி அண்டார்டிகாவுல இருக்கு, போனி ஏரியில வருஷம் பூரா மூடியே இருக்கற பனிக்கட்டிக்கு அடியில. லேபுல அதுக்குப் பேரு யூ.டபிள்யூ.ஓ.241. 18 டிகிரிக்கு மேல வளராது. அது இந்த உதவிப் புரோட்டீன எப்பவும் நெறையவே வெச்சிருக்கு, ஆனா சூடு வந்தா அதக் கூட்டத் தெரியல, தெரிய வேண்டிய தேவை அந்த ஏரியில வந்ததே இல்ல. கோலாலம்பூர்ல மலாயாப் பல்கலைக்கழகத்துல பாசி சேகரிப்பு ஒன்னு இருக்கு, பேராசிரியர் பாங் சியூ மொய் ஆரம்பிச்சது, அங்கயும் நம்ம ஊருப் பாசிகளோட அண்டார்டிகாவுல இருந்து வந்த குளோரெல்லாவையும் வெச்சு வளத்து, ரெண்டும் சூட்டுக்கு எப்படி எப்படி நடந்துக்குதுன்னு பாத்திருக்காங்க. நம்ம நாட்டுலயே இப்படி ஒரு வேலை நடக்குதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

அடுத்தது வெளிச்சம். பாசிக்கு வெளிச்சம்தான் சோறு, ஆனா சோறு தொண்ட வரைக்கும் வந்தா? பச்சையம் புடிச்ச சக்திய செலவு பண்ண வழியில்லன்னா அது ஆக்ஸிஜன் மேல பாஞ்சு அத வெஷமாக்கிரும், அந்த ஆக்ஸிஜன் கைக்கெட்டுனதெல்லாம் எரிக்கும். அதனால வெயில் ஏறினா கிளாமிடோமோனாஸ் எல்.எச்.சி.எஸ்.ஆர்.3ன்னு ஒரு புரோட்டீன் செய்யும், மிச்ச சக்திய சும்மா வெப்பமா வெளிய விடறதுதான் அதோட வேலை. மங்கலான வெளிச்சத்துல வளந்த செல்லுல அது அனேகமா இருக்கவே இருக்காது, வெயில்ல சில மணி நேரம் நின்னாத்தான் சேரும். இத எழுப்பறதுக்கு நீல வெளிச்சத்த உணர்ற ஒரு புரோட்டீன் சேதி சொல்லுது, கூடவே கார்பன்டைஆக்ஸைடு கொறைஞ்சாலும் எழும்புது. ஏன்னா ஒளிச்சேர்க்கைக்கு கார்பன்டைஆக்ஸைடுதான் சரக்கு, சரக்கு இல்லாத கடையில அடுப்ப எரியவிட்டா என்ன ஆகும், அதே கதைதான். இந்த ஜீன் இல்லாத பாசிய 2009ல காமிச்சாங்க, திடீர்னு வெளிச்சத்தக் கூட்டினா அது சாதாரணப் பாசி அளவுக்குத் தாங்கல.

இது மட்டும் போதாதுன்னு சிலது கலரும் மாத்தும். நம்ம சுவத்துப் பாசி அந்த வகை. மருந்துக்கடையில அஸ்டாஸாந்தின்னு செவப்பு கேப்சூல் விக்கறாங்களே, அதுல நெறையது ஹெமட்டோகாக்கஸ்னு ஒரு பச்சைப்பாசியில இருந்து வர்றது. நல்லா இருக்கற வரைக்கும் பச்சையா நீந்தும், தண்ணி வத்தி வெயில் ஏறினா வால உதுத்துட்டு, உருண்டையா சுருண்டு, தடிச்ச தோல் போட்டு, ரத்தச் செவப்பாயிரும். பீட்டா கரோட்டின அஸ்டாஸாந்தினா மாத்தற என்சைமோட (ஒரு பொருள இன்னொன்னா மாத்தற புரோட்டீன்தான் என்சைம்) ஜீன்கள் அந்த நேரத்துலதான் முழிக்குது. அதாவது கேப்சூல் கம்பெனிக்காரங்க வேணும்னே பாசியப் பட்டினி போட்டு, வெயில்ல காய வெச்சு, அது பயந்து செவக்கற நேரம் பாத்து அள்ளறாங்க.

இனிமே வர்றதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி, செம்பு கதை. ஒளிச்சேர்க்கையில எலக்ட்ரான ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குத் தூக்கிட்டுப் போற ஒரு புரோட்டீன் இருக்கு, பிளாஸ்டோசயனின், அதுக்கு நடுவுல ஒரு செம்பு அணு இருக்கணும். தண்ணியில செம்பு இல்லன்னா? நம்ம ஊர்ல செம்பு கெடைக்கலன்னா வேலை நின்னுரும். கிளாமிடோமோனாஸ்ல சி.ஆர்.ஆர்.1ன்னு ஒரு காவக்காரன் இருக்கான், செம்பு கொறைஞ்ச உடனே அவன் சைட்டோகுரோம் சி6னு வேற ஒரு புரோட்டீனுக்குச் சீட்டு எழுதறான், அது அதே வேலைய இரும்ப வெச்சுச் செய்யும். அதோட நிக்கல, ஏற்கனவே இருக்கற பிளாஸ்டோசயனின ஒடச்சு அதுல இருக்கற செம்ப எடுத்து, மூச்சு விடற என்சைமுக்கு மாத்திக் குடுக்குது, ஏன்னா அங்க செம்புக்கு மாத்து கெடையாது. வீட்டுல கஷ்டம் வந்தா முதல்ல எந்த நகைய அடகு வெக்கணும், எதக் கடைசி வரைக்கும் தொடக்கூடாதுன்னு நம்ம அம்மாங்களுக்குத் தெரியும்ல, அந்தக் கணக்கு இந்த ஒரு செல்லுக்குள்ள ஜீனா எழுதி வெச்சிருக்கு.

கந்தகமும் இதே மாதிரிதான், இன்னும் நுணுக்கமா. கந்தகம் இல்லாமப் போனா பாசி ஒரு என்சைம வெளிய தண்ணிக்குள்ள அனுப்பி, அங்க மத்த பொருள்ல ஒட்டியிருக்கற கந்தகத்தப் பிச்சு எடுத்துக்கும். செல் சுவத்துக்குப் புதுசா புரோட்டீன் செய்யணும்னா, கந்தகம் உள்ள அமினோ அமிலம் (புரோட்டீன் கட்டற செங்கல்) அனேகமா இல்லாத தனி ரகத்த எடுத்துப் போடும். பஞ்ச காலத்துக்குன்னு தனியா ஒரு சுவர் பிளான் வெச்சிருக்குன்னு நெனச்சுப் பாருங்க, யாரு வரைஞ்சு குடுத்தா அத!

இங்கதான் நான் முன்னாடி சொன்ன விஷயம் வருது. சாக்1னு ஒரு ஜீன். கந்தகம் இல்லாதப்ப மேல சொன்ன சமாளிப்பு எல்லாத்துக்கும் இது வேணும். ஆர்தர் கிராஸ்மன் குழுவுல 1990கள்ல இந்த ஜீன் கெட்ட பாசிய கந்தகம் இல்லாத தண்ணியில போட்டாங்க, சாதாரணப் பாசியவிட ரொம்ப சீக்கிரம் செத்துப்போச்சு. சரி, கந்தகம் தேடத் தெரியல, பட்டினில செத்துருச்சுன்னு நெனப்போம். ஆனா அதே பாசிய இருட்டுல வெச்சா அப்படிச் சாகல. வெளிச்சத்துல வெச்சாலும் ஒளிச்சேர்க்கைய அடைக்கற ஒரு களைக்கொல்லியக் கொஞ்சம் ஊத்துனா பொழச்சுக்குது. களைக்கொல்லி ஊத்தி ஒரு பாசியக் காப்பாத்துனாங்கன்னு முதல் தடவ படிச்சப்ப நான் அந்த வரிய மூணு தரம் திரும்பப் படிச்சேன். சாதாரணப் பாசி கந்தகம் தீந்தா ஒளிச்சேர்க்கையக் கொறச்சுக்குது, சாக்1 இல்லாதது கொறைக்கத் தெரியாம முழு வேகத்துல ஓட்டிக்கிட்டே இருக்கு, புடிச்ச சக்திக்குப் போக்கு இல்ல, அந்த சக்தியே அத எரிச்சுருது. பட்டினி அதக் கொல்லல. 

கந்தகப் பட்டினியில இன்னொன்னும் நடக்குது, ஒளிச்சேர்க்கை கொறைஞ்சு உள்ள ஆக்ஸிஜன் தீந்து போறப்ப பாசி ஹைட்ரஜன் வாயு விட ஆரம்பிக்கும், 2000ல தாசியோஸ் மெலிஸ் குழு இத நாள்கணக்குல ஓட விட்டுக் காமிச்சாங்க. அது தனிக் கதை.

நைட்ரஜனுக்கு வருவோம், ஏன்னா இது வீட்டுலயே பாக்கக்கூடியது. நான் மீன் தொட்டியில இருந்து எடுத்த பச்சத் தண்ணிய ரெண்டு போத்தல்ல ஊத்தி அடுப்படி ஜன்னல்ல வெச்சேன், ஒன்னுக்கு மட்டும் அப்பப்ப ஒரு சிட்டிகை பாஜா, செடிக்குப் போடற உரம்தான். மூணாவது வாரம் பாஜா போட்டது பசேல்னு இருந்துச்சு, போடாதது மஞ்சளாகி அடியில படிஞ்சுருச்சு. எங்க அம்மா "அது செத்துப்போச்சு, ஊத்திரு"ன்னாங்க. அதுலயும் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி வெச்சேன், நாலஞ்சு நாள்ல அடியில இருந்து பச்சை ஏறி வந்துச்சு.

செத்திருந்தா பச்சை வந்திருக்காதுல்ல. என் போத்தல்ல என்னென்ன ஜாதிப் பாசி இருந்துச்சோ, கிளாமிடோமோனாஸ்ல நடக்கறது இதுதான்: நைட்ரஜன் இல்லன்னா செல் பிரியறத நிறுத்தும், பச்சையத்தையும் புரோட்டீன் செய்யற ரைபோசோமையும் ஒடச்சு அதுல இருக்கற நைட்ரஜன மீட்டுக்கும், இன்னும் வந்துக்கிட்டு இருக்கற வெளிச்சத்துல கெடைக்கற கார்பன மாவுச்சத்தாவும் எண்ணெயாவும் சேத்து வெக்கும். எண்ணெய் செய்யற என்சைமுக்கு ஜீன எழுப்பறதுல என்.ஆர்.ஆர்.1ன்னு ஒரு காவக்காரனுக்குப் பங்கு இருக்கு. இதே பட்டினிதான் அதக் கல்யாணத்துக்கும் தயார் பண்ணுது, நைட்ரஜன் இருக்கற வரைக்கும் தனியாப் பிரிஞ்சு பெருகிக்கிட்டிருந்தது இப்ப ஜோடி தேடும், ரெண்டு செல் ஒன்னாகி தடிச்ச தோலுக்குள்ள தூங்கிரும், மண்ணு காஞ்சாலும் அந்த வித்து தாங்கும்.

பாசியில இருந்து டீசல் எடுக்கறேன்னு உலகம் பூரா கெளம்புனாங்களே, அவங்க முட்டிக்கிட்டது இந்த எடத்துலதான். அமெரிக்கா 1978ல இருந்து 1996 வரைக்கும் இதுக்குன்னே ஒரு அரசுத் திட்டம் நடத்திச்சு. பட்டினி போட்டா எண்ணெய் ஏறுது, ஆனா பட்டினி போட்டா வளர்றது நின்னுருது, மொத்தத்துல கெடைக்கறது கூடல. செம்பனைத் தோட்டத்த வெச்சே வாழ்ந்த நம்ம ஜனங்களுக்கு இது லேசாப் புரியும், மரம் வளந்துக்கிட்டே காயும் காய்ச்சாத்தான் லாபம், காய்க்கறதுக்கு மரம் வளர்றத நிறுத்தணும்னா யாரு போடுவா தோட்டம்? எண்ணெயும் வளர்ச்சியும் பிரிஞ்சு நிக்கறது பாசியோட கொறையில்ல, எண்ணெயே அது நிறுத்தறதோட ஒரு பகுதி, அத மட்டும் தனியா உருவி எடுக்கப் பாத்தா வராது.

நிறுத்துனது திரும்ப எழும்பணுமே, அதுக்கும் ஜீன் இருக்கு. மிச்சிகன்ல கிறிஸ்டோஃப் பென்னிங் குழு 2014ல சி.எச்.டி.7ன்னு ஒன்னக் காமிச்சாங்க. இது கெட்டுப்போன பாசி பட்டினியில ஒழுங்காத்தான் எண்ணெய் சேக்குது, ஆனா நைட்ரஜனத் திரும்பக் குடுத்தா சேத்து வெச்ச எண்ணெய எடுத்துச் செலவு பண்ணி வளர ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப நேரம் தடுமாறுது. என் ரெண்டாவது போத்தல் நாலஞ்சு நாள்ல பச்சையானது எவ்ளோ பெரிய காரியம்னு இதப் படிச்சப்புறம்தான் எனக்கு ஒறச்சுது.

இப்படி ஒவ்வொரு ஜீனா ஒரு ஆளு பத்து வருஷம் தேடுற காலம் மாறிக்கிட்டு வருது. கிளாமிடோமோனாஸ்ல கண்ட எடத்துல டி.என்.ஏத் துண்டு சொருகி, ஒவ்வொன்னுலயும் ஒரு ஜீன் கெடுற மாதிரி, சூப்பர்மார்க்கெட் பார்கோடு மாதிரி அடையாளமும் வெச்சு ஒரு பெரிய சேகரிப்பு பண்ணியிருக்காங்க. 2022ல அதுல 58,101 பாசிய ஒன்னாக் கலந்து, 121 வகையான கஷ்டத்துல விட்டு, எதுல எந்த பார்கோடு கொறையுதுன்னு எண்ணிப் பாத்தாங்க. சூடு, உப்பு, வெளிச்சம், மருந்து, எல்லாம். கொறைஞ்ச பார்கோடுன்னா அந்தக் கஷ்டத்துக்கு அந்த ஜீன் தேவைன்னு அர்த்தம்.

கடைசியா ஒன்னு, வால்வாக்ஸ். கிளாமிடோமோனாஸோட சொந்தக்காரன், ஆனா இது தனிச் செல் இல்ல, சுமார் 2000 சின்னச் செல்லு ஒரு கண்ணாடிக் கோலி மேல பதிச்ச மாதிரி வரிசையா நின்னு வால ஆட்டி நீந்தும், உள்ள பதினாறு வரைக்கும் பெரிய செல்லு, அதுங்கதான் புள்ள பெத்துக்கும். வெளிய இருக்கற 2000மும் பிரியறதே இல்ல, நீந்தி முடிச்சு செத்துப் போயிரும். அதுங்களப் பிரியவிடாம அமுக்கி வெக்கற ஜீன் ரெக்ஏ. இதோட சொந்தம் கிளாமிடோமோனாஸ்ல இருக்கான்னு தேடுனப்ப அரோரா நெடெல்குவும் ரிச்சர்ட் மிச்சோடும் 2006ல ஆர்.எல்.எஸ்.1ன்னு ஒன்னக் காமிச்சாங்க, அது எழும்பறது எப்பன்னா, வெளிச்சம் இல்லாதப்ப, சத்து தீந்தப்ப. பஞ்சம் வந்தா வளர்றத நிறுத்துன்னு இருந்த அதே குடும்பத்து ஜீன, பஞ்சமே இல்லாதப்பவும் ஒடம்போட ஒரு பகுதிய மட்டும் நிறுத்தி வெக்க வால்வாக்ஸ் எடுத்துக்கிச்சுங்கறது அவங்க வாதம், எனக்கு அது நம்பற மாதிரிதான் இருக்கு. ரெக்ஏ கெட்டுப்போன வால்வாக்ஸ லேபுல வளத்தா அந்த 2000 செல்லும் கொஞ்ச நேரம் நீந்திட்டு, அப்புறம் வால விட்டுட்டு, பெருத்து, கரும்பச்சையாகி, ஒவ்வொன்னும் தனித்தனியா புள்ள பெத்துக்க ஆரம்பிக்குது.